ஐ.சி.யூ.வில் டயாலிசிஸ்: ஏன் உடனே போடுவதில்லை?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இம்மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. கடும் நோயில் கிட்னி திடீரெனப் பழுதானவருக்கு டயாலிசிஸ் எப்போது தொடங்க வேண்டும்? சிறுநீரக மருத்துவரும் தீவிர சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் விவகாரம் வேறு. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 58, எடை 60 கிலோ. செம்பனைத் தோட்டத்தில் கால்வாய் துப்புரவு செய்த பிறகு காய்ச்சல் வந்தது. 'கெஞ்சிங் தீக்குஸ்' (எலிக்காய்ச்சல்) என்று சொல்லி ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள். கிரியேட்டினின் 480, யூரியா 29. சிறுநீர் போகிறது. இரண்டு நாளாக "டயாலிசிஸ் இப்போது வேண்டாம், பார்ப்போம்" என்கிறார்கள். மாமாவோ "தோட்டத்து ஆள் என்று இழுத்தடிக்கிறார்கள்" என்று சண்டைக்கு நிற்கிறார். சீக்கிரம் போட்டால் கிட்னி தப்பிக்காதா ஐயா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தப்பிக்காது. டயாலிசிஸ் கிட்னிக்கு மருந்து இல்லை. கிட்னி செய்ய முடியாத வேலையில் ஒரு பகுதியை மெஷின் செய்கிறது, அவ்வளவுதான். கிட்னி தேற வேண்டுமென்றால் கிருமி அடங்க வேண்டும், இரத்த அழுத்தம் விழாமல் நிலைக்க வேண்டும், கிட்னியைக் கெடுக்கும் மருந்துகளை நிறுத்த வேண்டும். உங்கள் அப்பாவுக்குப் பென்சிலினோ செஃப்ட்ரியாக்ஸோனோ ஏறிக்கொண்டிருக்கும். உண்மையான கிட்னி வைத்தியம் அதுதான்.

"முன்கூட்டியே போட்டால் நல்லது" என்று மருத்துவர்களே பல காலம் நம்பினார்கள். 2016இல் ஜெர்மனியில் ஒரே மருத்துவமனையில் 231 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அந்த நம்பிக்கைக்கு ஆதரவாகவே வந்தது. முன்கூட்டியே தொடங்கியவர்களில் 90 நாளில் இறந்தவர்கள் 39 விழுக்காடு, காத்திருந்தவர்களில் 55 விழுக்காடு. ஆனால் அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள். அதே ஆண்டில் பிரான்சில் 31 ஐ.சி.யூ.க்களில் 620 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் இரு தரப்பிலும் இறப்பு ஏறத்தாழ ஒன்றே, 48.5 விழுக்காடும் 49.7 விழுக்காடும். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் உண்டு. காத்திருக்க வைத்தவர்களில் 49 விழுக்காட்டினருக்கு மெஷினே தேவைப்படவில்லை. கிட்னி தானாகத் திரும்பிவிட்டது, அல்லது அவசரம் எதுவும் வரவில்லை. குழாய் வழியே இரத்தத்தில் கிருமி புகுந்ததும் முன்கூட்டியே போட்டவர்களிடம்தான் அதிகம்: 10 விழுக்காடு, மற்ற தரப்பில் 5.

2018இல் கிருமி இரத்தத்தில் கலந்து அழுத்தம் விழுந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. 2020இல் 15 நாடுகளில் 168 மருத்துவமனைகள் சேர்ந்து சுமார் 3,000 பேரிடம் செய்த ஆய்வுதான் இதுவரை வந்தவற்றுள் பெரியது. இறப்பு 43.9க்கு 43.7 விழுக்காடு, அதாவது வித்தியாசமே இல்லை. உயிர் பிழைத்தவர்களில் 90 நாள் கழித்தும் டயாலிசிஸை விட முடியாதவர்கள் மட்டும் முன்கூட்டியே போட்ட தரப்பில் 10.4 விழுக்காடு, காத்திருந்த தரப்பில் 6. மெஷின் ஓடும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறது. ஏற்கெனவே அடிபட்ட கிட்னிக்கு ஒவ்வோர் இறக்கமும் இன்னோர் அடி. இதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் கணிப்பு.

இனி உங்கள் அப்பா. எலிக்காய்ச்சலில் கிட்னி பழுதாகும் விதமே தனி. கிரியேட்டினின் ஏறினாலும் பலருக்குச் சிறுநீர் நிற்பதில்லை. பொட்டாசியம் ஏறுவதற்குப் பதில் இறங்குவதும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு மருந்திலேயே கிட்னி தேறிவிடும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதே நோயில் ஒரு விலக்கும் உண்டு. மஞ்சள் காமாலையோடு மூச்சுத்திணறல், இருமினால் இரத்தம் என்று நுரையீரலும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் காத்திருக்கக் கூடாது. பிரேசிலில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், அப்படிப்பட்ட கடும் எலிக்காய்ச்சலுக்கு உடனே தொடங்கித் தினமும் செய்த டயாலிசிஸ் உயிர் காத்தது. சிறிய ஆய்வுதான், என்றாலும் நாங்கள் அதை ஒதுக்கிவிடுவதில்லை.

மாமாவிடம் சொல்லுங்கள்: "ஏன் போடவில்லை" என்று கேட்பதை விட, இன்று சிறுநீர் மணிக்கு எத்தனை மில்லி, பொட்டாசியம் எவ்வளவு, இரத்தத்தின் பி.எச். (இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று பொருள்) எவ்வளவு, உடம்பில் எத்தனை லிட்டர் நீர் மிஞ்சியிருக்கிறது என்ற நான்கையும் கேட்கட்டும். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி சிறுநீர் வரவேண்டும். 18க்குக் கீழே போய் ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தால் கிட்னிப் பாதிப்பு கடைசிப் படியில் இருக்கிறது என்று பொருள். இந்த நான்கையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது இழுத்தடிப்பு இல்லை.

கேள்வி: சென்னையில் இருக்கும் சித்தப்பா "கிரியேட்டினின் 5 தாண்டினால் டயாலிசிஸ்" என்கிறார். எங்கள் ரிப்போர்ட்டில் 480 என்று இருக்கிறது. கணக்கு புரியவில்லை. (வாசகி, கோலகங்சார்)

பதில்: இரண்டும் வேறு அளவைகள். மலேசியாவில் மைக்ரோமோல் கணக்கு, இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 88.4ஆல் வகுத்தால் அவர்கள் எண் கிடைக்கும். 480 என்பது அங்கே 5.4. யூரியாவை 6ஆல் பெருக்க வேண்டும். நம் 29 அங்கே 174. அமெரிக்க வீடியோக்களில் யூரியாவின் நைட்ரஜனை மட்டும் சொல்வார்கள். அதற்கு 2.8ஆல் பெருக்க வேண்டும், 81 வரும்.

ஐ.சி.யூ.வில் கிரியேட்டினின் ஒன்றை மட்டும் வைத்து யாரும் டயாலிசிஸ் தொடங்குவதில்லை. உலக வழிகாட்டிகளும் ஒற்றை எண்ணைப் பார்க்காதே, போக்கைப் பார் என்றே சொல்கின்றன. தசை வற்றிய முதியவருக்கு 250கூட ஆபத்தாக இருக்கலாம். டிரிப்ஸ் பல லிட்டர் ஏறியிருந்தால் இரத்தம் நீர்த்து, எண் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். கிட்னி அடிபட்டு ஒரு நாள் கழித்துத்தான் எண் ஏறவே தொடங்கும். யூரியாவும் இப்படித்தான்: வயிற்றில் இரத்தம் கசிந்தாலோ ஸ்டீராய்டு கொடுத்தாலோ கிட்னி சரியாக இருக்கும்போதே ஏறும்.

கேள்வி: அப்படியானால் எது வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது? காத்திருப்பதற்கும் ஒரு எல்லை இருக்குமே? (தாதியர் பயிற்சி மாணவி, ஈப்போ)

பதில்: பொட்டாசியத்திலிருந்து தொடங்குவோம். முதலில் இதயத்தை நிறுத்துவது அதுதான். 6.5 தாண்டினாலோ, ஈ.சி.ஜி.யில் டி அலை கூர்மையாகி, கியூ.ஆர்.எஸ். அகன்றாலோ முதலில் 10 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி மெதுவாக ஏற்றுவார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காவல் நிற்கும். அடுத்து இன்சுலின் 10 யூனிட், கூடவே 50 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் 50 மில்லி, சால்பியூட்டமால் ஆவி. இவை பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளிவிடும், வெளியேற்றாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் திரும்பி வரும். பழுதான கிட்னியில் இன்சுலின் நெடுநேரம் தங்கும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை சரிவது இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு, எனவே மணிக்கொரு முறை குத்திப் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்து சிறுநீரும் வராமல் பொட்டாசியம் மறுபடி 6ஐத் தாண்டினால் மெஷின்தான். குடலில் பொட்டாசியத்தைப் பிடிக்கும் காலிமேட் தூள் மெதுவாக வேலை செய்யும். அதை நம்பி அவசரத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்தது அமிலம். மருந்துக்கு அடங்காமல் பி.எச். 7.15க்குக் கீழே போனால் தொடங்க வேண்டும். அதற்கு முன் சோடியம் பைகார்பனேட் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. பிரான்சில் இதற்காக நடந்த ஆய்வுகளில், கிட்னி கெட்டு அமிலம் ஏறியவர்களுக்கு அது மெஷின் தேவையைக் குறைத்தது.

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு மருந்துக்கும் அசையாதது மூன்றாவது காரணம். உடல் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல், அதாவது 60 கிலோ ஆளுக்கு 6 லிட்டருக்கு மேல் நீர் மிஞ்சினால் எங்களுக்குக் கவலை பிடிக்கும். இங்கே ஒரு சிறு சோதனை கைகொடுக்கும். ஃபுரோசமைடு முன்பு வாங்காதவருக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், வாங்கியவருக்கு 1.5 கொடுத்து, இரண்டு மணி நேரச் சிறுநீரை அளக்க வேண்டும். 200 மில்லிக்குக் கீழே என்றால் கிட்னி மேலும் கெடும் வாய்ப்பு அதிகம். மெஷினுக்கு ஆயத்தம் செய்துகொள்ளலாம். உடம்பு வறண்டிருப்பவருக்கு இதைச் செய்யக் கூடாது.

யூரியா ஏறி இதய உறையில் அழற்சி வந்தாலும், நினைவு தடுமாறி வலிப்பு வந்தாலும் எண் எதையும் பார்க்காமல் தொடங்க வேண்டும்.

எல்லை கேட்டீர்கள், நல்ல கேள்வி. அவசரக் காரணம் எதுவும் இல்லாமலே யூரியா 40 மில்லிமோல் தொட்டாலோ மூன்று நாள் சிறுநீர் மிகக் குறைவாகவே வந்தாலோ தொடங்கிவிடுவது நல்லது. இன்னும் தள்ளி 50 வரை பார்ப்போமே என்று 2021இல் பிரெஞ்சு மருத்துவர்களே சோதித்தார்கள். லாபம் ஒன்றும் இல்லை. மற்றக் காரணங்களைக் கழித்துக் கணக்கிட்டபோது இறப்பு கூடியதாகவே தெரிந்தது. ஆகவே காத்திருப்பதற்கு இடம் உண்டு, வேடிக்கை பார்ப்பதற்கு இல்லை.

மாவட்ட மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு ஒன்று. டயாலிசிஸ் மெஷினோ ஐ.சி.யூ.வோ இல்லாத இடத்தில் இந்த எல்லைகளைத் தொடும் வரை காத்திருக்கக் கூடாது. பொட்டாசியம் 7 ஆன பிறகு ஆம்புலன்சில் ஏற்றினால் வழியிலேயே இதயம் நிற்கலாம். காத்திருக்கும் காலத்தைப் பெரிய மருத்துவமனையில் கழிக்க வேண்டும்.

கேள்வி: சாம்சு (மலிவு மது) குடித்த பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிட்னி கோளாறே இல்லையாம். ஆனால் போன உடனே டயாலிசிஸ் போட்டார்கள். என் அப்பாவுக்கு மட்டும் காத்திருக்கச் சொன்னார்கள். என்ன நியாயம்? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: அங்கே மெஷின் கிட்னிக்காக ஓடவில்லை, விஷத்துக்காக ஓடியது. மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் விஷம் உண்டவர்களுக்குப் பொருந்தாது. கலப்பட மதுவில் உள்ள மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்றுவிடும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் இதில்தான் மாண்டார்கள். கண் மங்கல், வலிப்பு, மயக்கம், பி.எச். 7.15க்குக் கீழே, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டயாலிசிஸ். மெதுவாக ஓடும் 24 மணி நேர மெஷினை விட வேகமாக ஓடும் சாதாரண மெஷினே இதற்கு ஏற்றது. மாற்று மருந்தாக எத்தனால் கொடுத்துக்கொண்டிருந்தால் மெஷின் அதையும் சேர்த்து இழுத்துவிடும். டயாலிசிஸ் நேரத்தில் அதன் அளவைக் கூட்ட மறந்தால் பாடுபட்டதெல்லாம் வீண்.

மெட்ஃபோர்மின் மாத்திரையும் இந்தக் கணக்கில் வரும். வாந்தி பேதியோடு விடாமல் மாத்திரை போட்டு, கிட்னி வறண்டு, லாக்டேட் 20 தாண்டியோ பி.எச். 7.0க்கு இறங்கியோ வருபவருக்கு உடனே தொடங்க வேண்டும். நீரிழிவுக்காரர்கள் வாந்தி பேதி நாட்களில் அந்த மாத்திரையை நிறுத்திவைத்து கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி: கழுத்தில் குழாய் போட்டு 24 மணி நேரமும் ஓடும் மெஷின் வைத்திருக்கிறார்கள். வெளியே டயாலிசிஸ் நிலையத்தில் நான்கு மணி நேரம்தானே? இதில் என்னென்ன கோளாறு வரும்? (வாசகி, பீடோர்)

பதில்: இரத்த அழுத்தம் நிலையாக இல்லாதவருக்கு நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர் நீரை உருவினால் மயங்கிவிடுவார். அதையே 24 மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக எடுக்கலாம். இடைவழியாக ஆறு முதல் 12 மணி நேரம் ஓட்டும் முறையும் உண்டு. உயிர் காப்பதில் ஒன்று மற்றதை விட உயர்ந்தது என்று காட்ட முடியவில்லை. மூளை வீங்கியவருக்கு மட்டும் மெதுவான மெஷின்தான் பாதுகாப்பு.

24 மணி நேர மெஷினில் ஓடும் கழுவுநீரின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 20 முதல் 25 மில்லி. 60 கிலோவுக்கு 25 என்று வைத்தால் மணிக்கு ஒன்றரை லிட்டர், நாளுக்கு 36 லிட்டர், ஐந்து லிட்டர் பைகளில் ஏழுக்கு மேல். இதை ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டினால் நோயாளிக்கு நன்மை உண்டா என்று 2008, 2009இல் இரு பெரிய ஆய்வுகள் சோதித்துப் பார்த்து, இல்லை என்று கண்டன.

குழாய்க்கு முதலிடம் கழுத்தின் வலப்பக்கச் சிரை, சுமார் 15 சென்டிமீட்டர் நீளம் போதும். தொடையில் போட்டால் 20 முதல் 25 வேண்டும். குட்டையான குழாயைத் தொடையில் போட்டால் சுத்தமான இரத்தமே மீண்டும் மெஷினுக்குள் சுற்றும், எண்கள் இறங்காது. காறை எலும்புக்கு அடியில் உள்ள சிரை கடைசித் தேர்வு. அது சுருங்கினால் பிற்காலத்தில் கையில் ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்கான நிரந்தர இரத்தநாள இணைப்பு) அமைக்க முடியாமல் போகும்.

கோளாறுகளில் முதலாவது ஃபில்டர் உறைவது. டெங்கியிலும் எலிக்காய்ச்சலிலும் பிளேட்லெட் குறைந்திருப்பதால், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுக்கத் தயங்குவார்கள். சிட்ரேட் வசதி இருந்தால் அது நல்லது. உறைந்தால் குழாய்களில் நிற்கும் இரத்தம் அத்தனையும் நட்டம். இரண்டாவது, மெஷின் நல்லதையும் சேர்த்து எடுத்துவிடும். பாஸ்பேட் இறங்கினால் மூச்சுத் தசை தளர்ந்து வென்டிலேட்டரை விடுவிக்க முடியாது. ஆன்டிபயோட்டிக்கும் கழுவிப் போகும். கிட்னி கெட்டது என்று குறைத்த மருந்தளவை மெஷின் தொடங்கியதும் கூட்டாவிட்டால் கிருமி மீண்டும் தலைதூக்கும். எங்கள் பார்வையில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். வெளியே சுற்றி வரும் இரத்தம் குளிர்ந்துவிடுவதால் காய்ச்சலும் மறைந்துபோகும். "ஜுரம் இறங்கிவிட்டது" என்று மகிழ்வதற்கு முன் வெள்ளணுக்களைப் பார்க்க வேண்டும்.

யூரியா மிக உயர்ந்தவருக்குச் சாதாரண மெஷினில் முதல் தடவை இரண்டு மணி நேரத்தோடு, குறைந்த வேகத்தில் நிறுத்துவார்கள். ஒரேயடியாக இறக்கினால் மூளை வீங்கும். "பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்" என்று பதற வேண்டாம்.

கேள்வி: ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்று சொல்லித் தம்பி கையெழுத்துப் போட மறுக்கிறான். (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி பார்த்தது ஆண்டுக்கணக்கில் சர்க்கரையால் சுருங்கிய கிட்னிகளை. அவை திரும்பா. திடீரென அடிபட்ட கிட்னி வேறு. 2020 ஆய்வின் எண்ணைத் திருப்பிப் பார்த்தால், முன்கூட்டியே மெஷின் போட்ட தரப்பில்கூடப் பிழைத்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 90 பேர் 90 நாளில் டயாலிசிஸ் இல்லாமல் இருந்தார்கள். ஏற்கெனவே கிட்னி பாதி கெட்டிருந்தவருக்கு இந்த வாய்ப்பு குறைவு. பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிறுநீர் மருந்தில்லாமலே நாளுக்கு 400 மில்லிக்கு மேல் வரத் தொடங்கினால் மெஷினை நிறுத்திப் பார்ப்பார்கள். பொட்டாசியம் 7இல் நிற்கும்போது கையெழுத்துக்காக வீட்டில் பஞ்சாயத்து வைப்பதுதான் ஆபத்து.

முதிர்ந்த வயதில், மீள முடியாத நோயோடு இருப்பவருக்கு மெஷின் வேண்டாம் என்று குடும்பம் முடிவெடுப்பதும் நியாயமே. இடையில் ஒரு வழியும் உண்டு. மூன்று நாள் போல ஒரு கெடு வைத்துப் போட்டுப் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்தலாம். அதைத் தொடங்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சிறுநீர் பெருக இளநீரும் பார்லித் தண்ணீரும் கொண்டுபோகலாமா? வீடு திரும்பிய பிறகு ஜாமு (மலாய் நாட்டு மூலிகை மருந்து) கொடுக்கலாமா? (வாசகி, தாப்பா)

பதில்: இளநீர் கூடவே கூடாது. ஒரு கிளாஸில் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. பார்லித் தண்ணீரும் நீர்க்கணக்கில் சேரும். தாதியரிடம் கேட்காமல் ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜாமுவும், தோட்டத்துக் கடைகளில் முதுகுவலிக்கு வாங்கும் பெயரில்லா மாத்திரைகளும் வேண்டாம். அவற்றில் வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். டைக்ளோஃபெனக், மெஃபெனாமிக் அமிலம் போன்றவற்றையும் தவிர்த்து, வலிக்குப் பாராசிட்டமோல் போதும். மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். கால்வாய் வேலைக்குத் திரும்புபவர் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு போகட்டும். எலிக்காய்ச்சல் ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்பதில்லை. அந்தக் கிருமியில் வகைகள் ஏராளம்.